வண்டியின் கயிறுகளைப் பேணுவோம்

நம் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. சேலத்திலிருந்து ராசிபுரத்தைக் கடந்து நாமக்கல் வரையிலும், அங்கிருந்து திருச்செங்கோடு, பரமத்தி வேலூர்ப் பக்கங்களிலும் விரிந்து கிடக்கும் சமவெளியில், பால் கொண்டு செல்வதும், கோழிப் பண்ணை வேலைக்குப் போவதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், ஞாயிறு திருப்பலிக்குக் குடும்பமாக வருவதும் பெரும்பாலும் இரண்டு சக்கரங்களின் மீதே நடைபெறுகின்றன. புறப்படுமுன் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். டயரை அழுத்திப் பார்க்கிறோம். ஆனால் நம் கையின் கட்டளையை இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் எடுத்துச் செல்லும் கேபிள்களை மட்டும், அவை அறுந்து விழும் நாள் வரை நாம் நினைப்பதேயில்லை.

மெக்கானிக் கடைகளில் ‘ஒயர்’ என்று வழங்கும் இக்கேபிளின் அமைப்பு மிக எளியது. மெல்லிய எஃகுக் கம்பிகள் பலவற்றை முறுக்கித் திரித்த உள்கயிறு ஒன்று. அது ஓடுவதற்குச் சுருள் கம்பியாலான வெளி உறை ஒன்று. கயிற்றின் இரு முனைகளிலும் ‘நிப்பிள்’ எனப்படும் சிறு உலோகக் குமிழ்கள். உறை அசையாது நிற்க, உள்கயிறு மட்டும் இழுபடுகிறது. வளைந்து செல்லும் பாதையிலும் இழுவிசையைக் கடத்தும் இந்த அமைப்புக்கு எர்னஸ்ட் பௌடன் என்பார் 1896-ஆம் ஆண்டில் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சைக்கிள் பிரேக்குக்கென முதலில் பயன்பட்ட அது பின்னர் மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட்டிலும், 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஒசூரில் 1980-இல் உருவான டி.வி.எஸ். 50 வண்டியிலும் இதே கயிறுதான் ஓடியது. இன்றைய வண்டிகள் பலவற்றிலும் கிளட்சும், ஆக்சிலேட்டரும், டிரம் பிரேக்கும் இதனையே நம்பியுள்ளன.

கேபிளின் பகைவர்கள்

கேபிளுக்குப் பகைவர் இருவர்: தூசியும் ஈரமும். நம் பகுதியில் இரண்டுக்கும் குறைவில்லை. லாரிகள் கிளப்பும் புழுதி, காட்டுப் பாதைகளின் செம்மண், ஆடிக் காற்று வாரியிறைக்கும் மணல் ஆகியவை உறையின் வாயில் படிகின்றன. பின் ஐப்பசி மழையில் நீர் உள்ளே இறங்குகிறது. உறைக்குள் துருவும் புழுதியும் கலந்து உப்புத்தாள் போல் உள்கயிற்றை அராவத் தொடங்குகின்றன.

கிணற்றுக் கயிறு பெரும்பாலும் எங்கே இற்றுப்போகிறது? நடுவிலன்று, வாளியின் முடிச்சருகே, ஓயாது மடங்கும் இடத்தில். கேபிளும் அவ்வாறே. நிப்பிளை ஒட்டிய இடத்தில் ஒவ்வோர் இழையாக அறுகிறது. ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகளின் மீது சுமை கூடுகிறது. ஒருநாள் எல்லாம் சேர்ந்து அறுகின்றன.

ஆயினும் கேபிள் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அறுவதில்லை. கிளட்ச் லீவர் நாளுக்கு நாள் கனப்பது, இழுக்கும்போது நறநறவென்று உரசுவது, திருகிய ஆக்சிலேட்டரை விட்டவுடன் அது தானே திரும்பாமல் தயங்குவது, நிப்பிளருகே மெல்லிய இழை துருத்தி நிற்பது ஆகியவை அதன் எச்சரிக்கைகள். இவற்றுள் ஆக்சிலேட்டர் திரும்பாமல் நிற்பது மிகக் கொடியது; கை விட்ட பின்னும் வண்டி முன்னே பாயும். அவ்வேளையில் கிளட்சைப் பிடித்து, இன்ஜின் நிறுத்தும் சுவிட்சை அணைத்து, பிரேக்கை அழுத்த வேண்டும். அந்தச் சுவிட்ச் இல்லாத வண்டியில் சாவியை ‘ஆஃப்’ நிலைக்கு மட்டுமே திருப்புக. ஹேண்டில் பூட்டும் நிலைவரை திருப்பிவிடலாகாது. இதனை வண்டியோட்டும் நம் இளைஞர்கள் மனத்திலிருத்துவது நன்று.

எண்ணெய் விடும் முறை

வேண்டுவன சிறு ஸ்பானர்கள் இரண்டு, ஒரு பாலிதீன் பை, ஒரு ரப்பர் வளையம், கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் அல்லது புதிய இன்ஜின் ஆயில். சமையல் எண்ணெய் கூடாது. அது நாளடைவில் பிசுபிசுத்துப் புழுதியைப் பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயோ மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும்.

இன்ஜின் ஆறியபின், சாவியை எடுத்துவிட்டுத் தொடங்குக. கிளட்ச் லீவர் அருகே உள்ள அட்ஜஸ்டரையும் லாக் நட்டையும் தளர்த்தி, அவற்றின் பிளவுகளை லீவரின் பிளவோடு ஒரே நேர்கோட்டில் வைத்தால், கேபிளை அவ்வழியே விலக்கி நிப்பிளைக் கழற்றிவிடலாம். பையின் மூலையில் சிறு துளையிட்டு, கேபிளின் மேல்முனையை அதில் நுழைத்து, ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டினால் ஒரு புனல் கிடைக்கும். அதில் சிறிது எண்ணெய் ஊற்றி, உள்கயிற்றை மேலும் கீழும் அசைத்து, இரவு முழுதும் விட்டுவிடுக. கீழ்முனையில் முதலில் கறுத்த எண்ணெய் சொட்டும். தெளிந்த எண்ணெய் வரும்போது வேலை முடிந்ததெனக் கொள்ளலாம். நிப்பிளிலும் லீவர் திரும்பும் அச்சிலும் மட்டும் சிறிது கிரீஸ் தடவுக.

முன் பிரேக் கேபிளுக்கும் இதுவே முறை. ஆனால் கீழே சொட்டும் எண்ணெய் பிரேக் டிரம்மை அணுகாதபடி கந்தல் துணியைச் சுற்றி வைக்க வேண்டும்; பிரேக் ஷூவில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும். சில புதிய கேபிள்களின் உறைக்குள் வழுக்கும் நைலான் பூச்சு உண்டு. அவற்றுக்கு எண்ணெய் வேண்டுமா என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துச் செய்க. ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றிப் பழகாதவர்கள் அதனை மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

எவ்வளவு தளர்வு வேண்டும்?

கேபிள் இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று எண்ணுவோர் பலர். அது தவறு. லீவர் வேலை செய்யத் தொடங்குமுன் சிறிது வெறுமனே அசைய வேண்டும். பல 100 சி.சி. வண்டிகளுக்குக் கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ., முன் டிரம் பிரேக் லீவரின் நுனியில் 20 முதல் 30 மி.மீ., ஆக்சிலேட்டர் பிடியில் 2 முதல் 6 மி.மீ. தளர்வு சொல்லப்படுகிறது. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு கூறினால் அதனையே பின்பற்றுக.

கிளட்சில் தளர்வே இல்லையெனில் அதன் தட்டுகள் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கித் தேய்ந்து கருகும். இன்ஜின் இரைந்தாலும் வண்டி ஏறாது. தளர்வு மிகுந்தால் கிளட்ச் முழுமையாக விடுபடாது, கியர் மாற்றும்போது கரகரக்கும். பிரேக்கில் தளர்வு இல்லையெனில் ஷூ எப்போதும் உரசி, டிரம் சூடேறி, பெட்ரோலும் வீணாகும். ஆகவே அளவாகத் திருகி, லாக் நட்டை இறுக்கி, மூன்று பிளவுகளையும் ஒன்றுக்கொன்று விலக்கி வைக்க வேண்டும். இல்லையேல் மழைநீர் இறங்கும், கேபிளும் நழுவக்கூடும்.

இறுதியில் இரண்டு சோதனைகள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புக. இன்ஜினின் வேகம் தானே கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் சாலைக்குச் செல்லலாகாது. பின்னர் வண்டியை முற்றத்தில் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெயோ பற்றவைப்போ மருந்தன்று; அதனை மாற்றிவிடுவதே முறை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில் இரு பிரேக்குகளும் சேர்ந்து இயங்கும் அமைப்பாவது இருக்க வேண்டுமென்பது சட்டம். அத்தகைய பிரேக்கை நாமே திருகாமல் தேர்ந்தவரிடம் காட்டுவதே அறிவுடைமை. டிஸ்க் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. இம்முறை அதற்குப் பொருந்தாது.

மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை, புழுதிச் சாலையில் நாள்தோறும் செல்வோர் இரு மாதங்களுக்கு ஒருமுறை இப்பணியைச் செய்யலாம். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளையும், மகன் மகள் என்ற வேறுபாடின்றி, அருகே இருத்திக் கற்றுக்கொடுங்கள். முன்னே ஒரு குழந்தை, பின்னே மனைவி, அவர் மடியில் இன்னொரு குழந்தை என்று ஒரே வண்டியில் செல்வது சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் பொருந்தாதெனினும், நம் ஊர்ச் சாலைகளில் அக்காட்சியை நாம் காண்கிறோம். அத்தனை உயிர்களும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கயிற்றை நம்பியிருக்கின்றன. நாமக்கல் நெடுஞ்சாலையில் எதிரே லாரி வரும் நேரத்தில் அக்கயிற்றைச் சோதிக்க வேண்டாம். சனிக்கிழமை மாலை, நம் வீட்டு முற்றத்தில் சோதிப்போம்.