உயிரணுவுக்குள் ஓர் அணை

ஓடும் கால், துடிக்கும் இதயம், சிந்திக்கும் மூளை ஆகிய அனைத்தும் இயங்குவதற்கான ஆற்றலை அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி, என்னும் மூலக்கூறு வழங்குகிறது. நம் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி சில பத்துக் கிராம்களே. ஆயினும், அது மீண்டும் மீண்டும் சிதைந்து உருவாவதால், ஒரு நாளில் உருவாகும் மொத்த அளவு ஏறத்தாழ நம் உடல் எடையை எட்டுகிறது. இப்பணியின் பெரும்பகுதி உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவில் நிகழ்கிறது.

உணவிலிருந்து பெறப்படும் எலக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலுள்ள புரதங்களின் வழியே படிப்படியாகக் கடந்து, இறுதியில் ஆக்சிஜனை அடைகின்றன. அவ்வாறு கடக்கையில் வெளிப்படும் ஆற்றல் ஏடிபியை எவ்வாறு உருவாக்குகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. ஆற்றலைத் தாங்கிச் செல்லும் இடைநிலை வேதிப்பொருள் ஒன்று இருக்கவேண்டும் எனக் கருதிய அறிஞர்கள் அதனைப் பல்லாண்டுகள் தேடினர். அது கிடைக்கவேயில்லை.

1961ஆம் ஆண்டு பிரித்தானிய அறிவியலாளர் பீட்டர் மிட்செல் வேறொரு மாதிரியை முன்வைத்தார். அதனை ஓர் அணையுடன் ஒப்பிடலாம். எலக்ட்ரான்களின் ஆற்றல், புரோட்டான்களை உட்சவ்வின் மறுபுறத்திற்கு வெளியேற்றுகிறது. தேங்கிய நீர் பாய்ந்து சுழலியை இயக்குவதுபோல, அங்குச் செறிந்த புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதியின் வழியே உள்ளே திரும்புகையில் ஏடிபி உருவாகிறது. ஆற்றல் ஒரு பொருளில் அன்று, சவ்வின் இருபுற வேறுபாட்டில் சேமிக்கப்படுகிறது என்பதே அவர் கருத்து.

பலர் இதனை ஏற்கத் தயங்கினர். 1974இல் எஃப்ரைம் ராக்கர், வால்தர் ஸ்டோக்கேனியஸ் ஆகியோர் செயற்கைக் கொழுப்புக் குமிழிகளை உருவாக்கினர். ஒளியால் புரோட்டான்களைக் கடத்தும் நுண்ணுயிரிப் புரதத்தையும், மாட்டிதய மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி சிந்தேஸையும் அவற்றில் பொருத்தினர். ஒளி பட்டதும் ஏடிபி உருவாயிற்று. எலக்ட்ரான் கடத்தும் புரதங்கள் அங்கு இல்லை. புரோட்டான் வேறுபாடே போதுமானதாக இருந்தது. 1978இல் மிட்செல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

சுழலி என்பதும் வெறும் உவமையாக நிற்கவில்லை. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்நொதியின் ஒரு பகுதியில் ஒளிரும் புரத இழையைப் பிணைத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியில் கண்டனர். ஒரு முழுச் சுற்றில் மூன்று ஏடிபி மூலக்கூறுகள் உருவாகின்றன.

எனினும், உவமைக்கும் எல்லையுண்டு. அணையில் நீர்மட்ட வேறுபாடே விசை தருகிறது. சவ்விலோ செறிவு வேறுபாட்டுடன் மின்னழுத்த வேறுபாடும் இணைகிறது. நல்ல மாதிரி புதிருக்கு வழி காட்டும். ஆய்வே அதனை உண்மையென நிறுவும்.