வெளிச்சம் + வெளிச்சம் = இருட்டு! தெரியுமா?

★ ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடத்தானே வேண்டும்? எப்போதும் அப்படி நடக்காது! 1803-ல் தாமஸ் யங் ஒரு மெல்லிய சூரியக் கதிரை எடுத்து, ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அட்டையின் விளிம்பால் இரண்டாகப் பிளந்தார். அட்டையின் நிழலுக்குள் பொலிவுப் பட்டையும் கரும்பட்டையுமாக வரிசை கட்டி நின்றன! ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்தார். அவ்வளவுதான், பட்டைகள் மாயம்!

★ இந்த மாயத்துக்கு ஒரே ஒரு விதிதான், தெரியுமா? ஒளி அலையாகப் பரவுகிறது. இரண்டு அலைகள் கடந்து வந்த தூரங்களின் வித்தியாசம்தான் பாதை வேறுபாடு. ஏற்ற இறக்கத்தில் ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு பிந்தியிருக்கிறது என்பதுதான் கட்ட வேறுபாடு. பாதை வேறுபாடு சரியாக ஓர் அலைநீளம் என்றால் கட்ட வேறுபாடு 360 டிகிரி. முகட்டோடு முகடு சேரும். சம அளவுள்ள இரண்டு அலைகள் இப்படிச் சேர்ந்தால் செறிவு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! அரை அலைநீளம் என்றால் 180 டிகிரி. முகட்டை அகடு விழுங்கிவிடும். மிச்சம்? பூஜ்யம்!

★ பச்சை ஒளிக்கு அந்த அரை அலைநீளம் எவ்வளவு தெரியுமா? சுமார் 275 நானோமீட்டர்! தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு! ஒளியா, இருட்டா என்பதை இவ்வளவு சின்ன தூரம் தீர்மானிக்கிறது!

★ சத்தத்தோடு சத்தம் சேர்ந்தால் நிசப்தம் வருமா? வரும்! திறந்த வெளியில் இரண்டு ஸ்பீக்கர்கள், இரண்டிலும் ஒரே 1,000 ஹெர்ட்ஸ் ஒலி. ஒன்று மற்றதைவிட 17 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இடத்தில் நில்லுங்கள். சத்தம் சட்டென்று அடங்கும்! இரைச்சலை அடக்கும் ஹெட்போனும் இதைத்தான் செய்கிறது. வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு நேர் எதிர்க் கட்டத்தில் இன்னொரு சத்தத்தை உண்டாக்கி, இரண்டையும் மோதவிடுகிறது!

★ ஒரு வளையலைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, செங்குத்தாகப் பிடித்திருக்கிறீர்களா? வண்ணப் பட்டைகள் மெல்லக் கீழே இறங்கும். மேல் விளிம்பு கறுக்கும். அடுத்த சில நொடிகளில் படலம் உடையும்! ஏன் கறுத்தது? அங்கே படலம் அவ்வளவு மெல்லியது. அதன் முன்பரப்பிலும் பின்பரப்பிலும் பட்டுத் திரும்பும் இரண்டு அலைகளுக்கும் பாதை வேறுபாடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் முன்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் கட்டம் மட்டும் 180 டிகிரி புரண்டுவிடுகிறது. அதனால் இருட்டு!

★ பழைய சி.டி.க்குள்ளும் இதே ரகசியம்தான்! அதிலுள்ள குழிகளின் ஆழம் லேசர் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. போக கால், வர கால், மொத்தம் அரை! ஒளி மங்குவதையும் பளிச்சிடுவதையும் வைத்துத்தான் பாட்டே கேட்கிறது! ஒரு சி.டி.யில் அந்தக் குழிகளின் தடம் எவ்வளவு நீளம் தெரியுமா? 5 கிலோமீட்டருக்கு மேல்!

★ ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் அமெரிக்காவின் லைகோ கருவியில் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள். அவற்றில் ஓடித் திரும்பும் லேசர் கதிர்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அமைத்து வைத்திருக்கிறார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று அந்த இருட்டில் ஒளி துடித்தது! சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதிய அதிர்வு அது! கைகளின் நீளம் எவ்வளவு மாறியது? ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு!

★ 2019-ல் உலகமே பார்த்த கருந்துளைப் படம் நினைவிருக்கிறதா? பூமியெங்கும் பரவிய 8 தொலைநோக்கிகள் 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலைகளைப் பதிவுசெய்தன. அந்த அலைகளின் கட்ட வேறுபாடுகளைக் கணக்கிட்டு உருவாக்கிய படம் அது! அந்தக் கருந்துளை இருப்பது சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில்!

★ பாதை வேறுபாடும் இல்லாமல், சோப்புப் படலத்தில் நடந்த புரளலும் இல்லாமல் கட்ட வேறுபாடு வருமா? வரும் என்று 1956-லேயே சொன்னார் ஓர் இளைஞர்! சி.வி. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்னம். பெங்களூரில் ராமனின் ஆய்வுக் கழகத்தில் இருந்தபோது அவர் வயது 22! ஒளியின் முனைவாக்க நிலையை, அதாவது ஒளியலை அதிரும் விதத்தை, படிப்படியாக மாற்றி, கடைசியில் தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தாலும் கட்டத்தில் ஒரு வித்தியாசம் தங்கிவிடும் என்று காட்டினார். 28 ஆண்டுகள் கழித்து, 1984-ல், இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் உலகில் இதே உண்மையைக் கண்டார். பஞ்சரத்னம் முந்திவிட்டார் என்பதை அவரே பின்னர் உலகுக்கு எடுத்துச் சொன்னார்! இன்று இயற்பியலில் அதன் பெயர் என்ன தெரியுமா? பஞ்சரத்னம்–பெர்ரி கட்டம்!