மாத்திரை இருக்கிறது, கேட்கத்தான் இடமில்லை

ஹெச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் ‘ப்ரெப்’ மாத்திரையை இந்தியாவில் முதலில் கொடுத்துப் பார்த்த ஊர்களில் ஒன்று கொல்கத்தாவின் சோனாகாச்சி; இன்னொன்று மைசூரு. இங்கே பொறுப்பேற்றது ஆஷோதயா சமிதி, பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அமைப்பு. 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைசூரு, மண்டியா பகுதிகளில் 600-க்கும் மேற்பட்ட பெண்கள் தினமும் மாத்திரை சாப்பிட்டார்கள். திட்டக் காலத்தில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. மாத்திரை மட்டும் காரணமல்ல. ஞாபகப்படுத்தியவர்களும் சந்தேகம் தீர்த்தவர்களும் அவர்களுடைய சகதோழிகள். தங்கள் ரகசியம் வெளியே போகாது என்ற நம்பிக்கை அங்கே இருந்தது.

அதே ஊரின் கல்லூரிகளுக்குள் அந்த அனுபவம் நுழையவில்லை. கல்லூரிச் சுகாதார அறை என்றால் காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி, விடுப்புக்கு ஒரு சான்றிதழ். உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று, மாணவர்களின் எய்ட்ஸ் விழிப்புணர்வு அமைப்பான செஞ்சுருள் சங்கத்தின் ஊர்வலம் போகும், அதோடு சரி.

என் கவலையெல்லாம் அந்த அறையில் விரிந்து கிடக்கும் நோட்டைப் பற்றித்தான். பெயர், வகுப்பு, விடுதி அறை எண், ‘என்ன தொந்தரவு’. பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தாலே போதும். அதில் ப்ரெப் மாத்திரையில் உள்ள மருந்தின் பெயரான ‘டெனோஃபோவிர்’ என்று எழுதினால் மாலைக்குள் வார்டன் காதுக்குப் போகும். இரவே ஈரோட்டிலோ சேலத்திலோ இருக்கும் அப்பாவுக்கு போன் போகும். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான சிகிச்சையிலும் இதே மருந்து இருப்பதால், டப்பாவைப் பார்த்த அறைத்தோழன் ‘இவனுக்கு வந்துவிட்டது’ என்றே முடிவு கட்டுவான். நம்பிச் சொன்ன அந்தரங்கத்தை ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. விடுதி வாசலில் அதை யார் படித்திருக்கிறார்கள்?

கல்லூரியில் இந்த மாத்திரையைப் பற்றிப் பேசினால் அது பிள்ளைகளுக்குத் துணிச்சல் கொடுத்துவிடும் என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் புரிகிறது. ஆனால் கேட்க வழியில்லாத பிள்ளை, ஆபத்தோடு தனியாகத்தான் நிற்கும். ஆபத்து நேர்ந்த பிறகு சாப்பிடும் 28 நாள் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். சனிக்கிழமை மதியம் பூட்டிய சுகாதார அறை திங்கள் காலையில் திறப்பதற்குள் 40 மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

கல்லூரியே மருந்து வாங்கி அடுக்க வேண்டியதில்லை. நோட்டில் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண், சாத்திய கதவு, நகரின் நல்ல கிளினிக் ஒன்றுக்குப் பரிந்துரைக் கடிதம். மருந்தைத் தொடங்கும் முன் ஹெச்.ஐ.வி., சிறுநீரகப் பரிசோதனைகள், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை ஹெச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் அங்கேயே நடக்கும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.