காற்று அடங்கினால் கடி தொடங்கும்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் மே முதல் செப்டம்பர் வரை மனிதரைப் பாடாய்ப்படுத்தும் மிட்ஜ், கொசுவைவிட மிகச் சிறியது. உடல் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒற்றைப் பூச்சியைக் கண் கவனிப்பதில்லை. கூட்டம் முகத்தைச் சூழ்ந்தபிறகே தெரியும். கொசு ஊசிபோன்ற குழலைச் செலுத்தி இரத்தம் உறிஞ்சும். மிட்ஜ் ரம்பப் பல் போன்ற வாயுறுப்பால் தோலை அறுத்து, அங்கே ஊறும் இரத்தத்தைக் குடிக்கும்.

கடிப்பவை பெண் பூச்சிகள்தாம். இந்த இனத்தில் ஒரு விசித்திரம் உண்டு: முதல் தொகுதி முட்டைகளை இரத்தம் குடிக்காமலே இட்டுவிடும், அடுத்த தொகுதிக்குத்தான் இரத்தம் தேவை. ஆகவே ஆடு, மான், மனிதர் எவரும் இல்லாத இடத்திலும் அதன் வம்சம் வளரும். புழுக்கள் வாழ்வது அமிலத்தன்மை கொண்ட ஈரச் சதுப்புமண்ணில். தொட்டியைக் கவிழ்த்து, டயரை அகற்றி டெங்குக் கொசுவைக் குறைக்கும் நம் ஊர் வழி இங்கே செல்லாது. மலைச்சரிவு முழுதுமே அதன் தொட்டில்.

இதனால் தப்பிக்கும் வழி பெரும்பாலும் இடமும் நேரமும் பார்ப்பதில் இருக்கிறது. காற்று மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மிட்ஜ் பறக்கத் திணறும். சுள்ளென்ற வெயிலும் வறண்ட காற்றும் அதற்கு ஆகாது. விடியலும் அந்தியும், மேகமூட்டமான புழுக்கமும் அதன் வேளை. மரங்கள் சூழ்ந்த, காற்றுப்படாத ஏரிக்கரை கண்ணுக்கு அழகு. கூடாரம் போட மோசமான இடம். சற்று மேடான, காற்றோட்டமுள்ள திறந்தவெளியே நல்லது. எந்தப் பகுதியில் தொல்லை எவ்வளவு என்று ஒன்று முதல் ஐந்து வரை நிலை குறித்து முன்னறிவிப்பும் ஸ்காட்லாந்தில் வெளிவருகிறது.

மூச்சில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடும் உடல் வாடையும் பூச்சியை இழுக்கின்றன. அருகே வந்தபின் அடர்நிற உடை அதற்கு இலக்காகிவிடுகிறது. வெளிர்நிற முழுக்கை உடையும், தலைக்கு மிக நுண்ணிய கண்ணிகளுள்ள வலையும் உதவும். சாதாரணக் கொசுவலையின் கண்ணி வழியே மிட்ஜ் நுழைந்துவிடும் என்பதை வாங்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

பூச்சு மருந்துகளில் இரண்டு நம்பகமானவை. டீட், 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது; மக்கள் பயன்பாட்டுக்கு 1957இல் வந்தது. அதன் விழுக்காடு கூடினால் பாதுகாப்பு நீடிக்கும் நேரம் கூடுமே தவிர, பூச்சி கூடுதலாக மிரளாது. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி போன்றவற்றின் பிளாஸ்டிக்கை அது கெடுக்கும். 1980களில் பேயர் நிறுவனம் உருவாக்கிய பிக்காரிடினுக்கு அந்தக் குறை இல்லை, வாடையும் குறைவு. வெயில் தடுப்புக் களிம்பு பூசுவதானால் அதை முதலிலும், பூச்சி மருந்தை அதன் மேலும் தடவ வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருந்து பூசாமல் தொட்டிலை வலையால் மூடலாம். சிட்ரோனெல்லா மெழுகுவத்தி திறந்தவெளியில் மணம் தரும், அதற்குமேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டுவதாக விற்கும் கருவிகளுக்குச் செலவிடுவது வீண்.

எரிவாயுவை எரித்துக் கார்பன் டை ஆக்சைடு கக்கி, நெருங்கும் பூச்சியை விசிறியால் உறிஞ்சும் பொறிகளும் உள்ளன. நாள்கணக்கில் இடைவிடாது இயக்கினால் விடுதித் தோட்டத்துக்குப் பயன்படும். ஓரிரவு தங்கும் கூடாரத்துக்கு ஏற்றவையல்ல.

ஸ்காட்லாந்து மிட்ஜ் மனிதருக்கு நோய் பரப்புவதில்லை, அரிப்போடு சரி. குளிர்ந்த ஒத்தடமும் அலர்ஜி மாத்திரையும் போதும். கால்நடைக்குத்தான் இந்தப் பூச்சிக் குடும்பம் பெரும் ஆபத்து: தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் செம்மறியாடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே பேரினத்துப் பூச்சிகள்தாம்.

அதே மலைப்பாதைகளில் மனிதர் அஞ்ச வேண்டியது உண்ணிக்கு. அது லைம் நோயைத் தொற்றவைக்கக்கூடும். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகி நடப்பதும், இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களைத் தடவிப் பார்ப்பதும் அவசியம். ஒட்டியிருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காமல், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்தெடுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.