நன்றிக்கும் கவ்வாத்து உண்டு

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முன்பள்ளி ஆசிரியை, அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். “படுக்கப்போகும் முன் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதினால் மனமும் தேறும், உடம்பும் தேறும் என்று போனில் வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. இது விஞ்ஞானமா? அம்மாவிடம் சொன்னால் ஏசுவார்.”

பாதி விஞ்ஞானம், மீதி வியாபாரம்.

அமெரிக்க உளவியலாளர்கள் எமன்ஸும் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த அலைக்குப் பெரிய ஊற்று. மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதினார்கள். ஒரு பிரிவினர் எரிச்சல்களை. மற்றவர்கள் வெறுமனே நடந்தவற்றை. நன்றி எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை மேலாகத் தெரிந்தது. பிறகு 27 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இதன் பலன் சிறிதே என்றது. வரலாறு இவ்வளவு போதும்.

இருப்பது ஏன் கண்ணில் படாமல் போகிறது என்ற கேள்வியில் என்னைச் சொக்கவைப்பது குரங்கின் நாக்கில் விழுந்த பழச்சாறு. சுவிட்சர்லாந்தில் நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990-களில் குரங்கு மூளையின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுச் சாறு விழுந்தால் அவை படபடவென்று துடித்தன. சாற்றுக்கு முன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியதும் துடிப்பு அந்த அடையாளத்துக்கு மாறிப்போனது. சாறு வந்தபோது சலனமே இல்லை. அதே சாறு, அதே நாக்கு! அடையாளம் காட்டியும் சாறு வராதபோது, அது வரவேண்டிய அந்த நொடியில் அணுக்கள் வழக்கத்தைவிட அடங்கின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே அவற்றின் கணக்கு. நன்றியுணர்வு முழுவதும் டோபமைன் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒன்று நமக்குப் பழகிப்போவது எப்படி என்று விளங்கிக்கொள்ள இது நல்ல வாசல். வேலைக்கு நடுவே குடிக்கும் தேத்தண்ணி தினமும் கிடைத்தால் மனதில் பதியாது. கிடைக்காத அன்று பதியும்.

அப்படியானால் இருப்பதை எப்படிக் காண்பது? வாசகியின் தோட்டத்திலேயே வழி இருக்கிறது: கவ்வாத்து. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டாவிட்டால் கொழுந்து குறையும். வெட்டிய மலை மொட்டைக் குச்சிகளாக நிற்கும், பிறகு துளிர்க்கும். 2008-ல் உளவியலாளர் மின்கியுங் கூவும் சக ஆய்வாளர்களும் மனதில் செய்து பார்த்தது இதைத்தான். துணையை எப்படிச் சந்தித்தோம் என்று சிலரை எழுதச் சொன்னார்கள். சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதத்தை மற்றவர்களை எழுதச் சொன்னார்கள். வெட்டிப் பார்த்தவர்களுக்கே உறவில் திருப்தி கூடியது. முன்கூட்டியே கேட்டபோது மக்கள் இதற்கு நேர்மாறாகவே ஊகித்திருந்தார்கள்.

கவ்வாத்துக் கத்தியை அடிக்கடி எடுக்கவும் கூடாது. வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களே பலன் கண்டதாக உளவியலாளர் லியுபோமிர்ஸ்கியின் குழு 2005-ல் எழுதியது. மெலிந்த செடியில் ஒன்றிரண்டு கிளையை விட்டுத்தான் வெட்டுவார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் ‘இதுவும் இல்லாவிட்டால்?’ என்று கேட்பது அடிமரத்தையே வெட்டுவது.

மலையகத்தில் பலருக்கு ‘இல்லாமல் போயிருந்தால்’ என்ற இந்தக் கற்பனையே தேவைப்படவில்லை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அப்படியே மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. அதனால்தான் அடையாள அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, சேலைகளுக்கு அடியில் வைக்கும் பாட்டிமார் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிறார்கள். பேத்திக்கு அது பர்ஸில் கிடக்கும் ஓர் அட்டை. பாட்டியின் மனதில் மட்டும் அந்த ‘இல்லாத’ காலம் இன்னும் வெட்டுப்பட்டு நிற்கிறது. உரிமையைப் பறித்தவருக்கோ தாமதமாகத் தந்தவருக்கோ அவர் கடன்பட்டவர் அல்ல.

அம்மா ஏசினால் அது நியாயம் என்பேன். கொழுந்து நிறுவையில் ஈரத்துக்கென்று கிலோ கழிக்கும்போது, அதற்குப் பதில் கேட்க வேண்டிய வாயை நன்றிப் பட்டியலால் அடைப்பது விஞ்ஞானமில்லை. நோட்டுப் புத்தகத்தை நீட்டாதீர்கள். கைக்குழந்தையாக இருந்த உங்களைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை மடுவத்தில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் எப்படி மலைக்குப் போயிருப்பார் என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒரு பெயர் சொல்வார். அந்த அக்கா இன்னும் பக்கத்து லயத்தில் இருந்தால், இருவருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.