பொருளியற் கட்டுரைப் போட்டியும் நம் ஊரும்

பொருளியல் பற்றிக் கட்டுரை வரைவோர்க்குப் பரிசளித்து ஊக்கும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸ்மித் பரிசை 1909ஆம் ஆண்டிற் பெற்றவர், பின்னாளில் உலகப் புகழெய்திய ஜான் மேனார்டு கெயின்ஸ் ஆவர். விலைவாசிக் குறியீட்டெண்களைக் கணிக்கும் முறையே அவர் எடுத்துக்கொண்ட பொருள். பல்கலைக்கழகம் புகுமுன் பள்ளியிற் பயிலும் மாணாக்கர்க்கெனவே இங்கிலாந்தின் ராயல் பொருளியற் கழகம் ஒரு கட்டுரைப் போட்டியை நிறுவியுள்ளது. நம் நாட்டில் முன்னர்ப் புகுமுக வகுப்பு என வழங்கியதன் இடத்தை 1978ஆம் ஆண்டு முதல் மேனிலை வகுப்புகள் கொண்டன. அவ்வகுப்புகளிற் பயிலும் இளைஞர்க்கு இத்தகைய போட்டி எவ்வாற்றாற் பயன்படும், அதற்கு எங்ஙனம் எழுதுதல் வேண்டும் என்பனவற்றைப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

போட்டிக்கு வரும் கட்டுரைகளிற் பல ஒரே அச்சில் வார்த்தனவாய் இருத்தல் கண்கூடு. இந்தியா ஓர் உழவர் நாடு எனத் தொடங்கி, வறுமைக்குக் காரணங்கள் ஐந்து, அதனை நீக்கும் வழிகள் ஆறு எனப் பகுத்து, அரசினர் ஆவன செய்தல் வேண்டும் என்று அவை முடியும். குன்னத்திலிருந்து எழுதினும் குஜராத்திலிருந்து எழுதினும் அக்கட்டுரையில் ஒரு சொல்லும் மாறாது. இக்காலத்திலோ அத்தகைய கட்டுரையைக் கணிப்பொறியே நொடிப்பொழுதில் எழுதித் தந்துவிடும். ஆதலின், மாணாக்கன் எழுதத்தக்கது, தான் நேரிற் கண்டு கேட்டு அளந்து அறிந்ததேயாம்.

இது புதிய கொள்கையன்று. நூறாண்டுகட்கு முன்னரே நம் மாகாணத்தில் இது செய்து காட்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதற் பேராசிரியராக 1915ஆம் ஆண்டின் இறுதியில் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார். அவர் அதற்குமுன் ஆக்ஸ்போர்டு நகரில் தொழிலாளர் கல்விக்கென ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராய் விளங்கியவர். இந்நாட்டு ஊர்களின் வாழ்க்கையை உள்ளவாறு அறிய விரும்பிய அவர், வினாநிரல் ஒன்று வகுத்து, விடுமுறையில் தத்தம் ஊர்க்குச் செல்லும் மாணாக்கர் கையில் அளித்தார். நிலம் யார் யாரிடம் உளது, கூலி யாது, கடன் எவ்வளவு என்பன போன்றவற்றை மாணாக்கர் கேட்டறிந்து எழுதினர். அவ்வறிக்கைகள் 1918ஆம் ஆண்டில் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்னும் ஆங்கில நூலாய் வெளிவந்தன. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய தமிழூர்கள் அந்நூலில் இடம்பெற்றன.

அம்மாணாக்கர் எழுதியவற்றின் அருமை பின்னரே விளங்கிற்று. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்னும் இருவர் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். 1980-களில் எஸ். குகன் முதலியோர் மீண்டும் ஆராய்ந்தனர். இருவேல்பட்டு 2008ஆம் ஆண்டிலும் ஆராயப்பெற்றது. நிலமும் கூலியும் சாதி வலிமையும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் எங்ஙனம் மாறின என்பதை இன்று நாம் அறிய முடிகின்றதெனின், அதற்கு முதற்படி அமைத்தவர் அம்மாணாக்கரேயாவர்.

ஆயினும் அம்முயற்சிக்கு ஓர் எல்லையும் இருந்தது. அக்காலத்துப் பல்கலைக்கழகம் புகுந்தோருட் பெரும்பாலார் மேற்குலத்தார் எனப்பட்ட குடும்பங்களினர். ஒருவன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து ஊரை நோக்குங்கால், ஊரின் ஒரு பாதியே தெளிவாய்த் தெரியும். இன்றோ உழவர் மக்களும் கூலியாளர் மக்களும் மேனிலை வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். களையெடுக்கச் செல்லும் தாயின் மகளுக்கு நாட்கூலி இன்னதென நூலகத்திற் பார்க்க வேண்டுவதில்லை. ஸ்லேட்டர் காலத்து மாணாக்கர்க்கு அரிதாயிருந்த அறிவு இவள்பால் இயல்பாகவே உளது. அதனை ஒழுங்குபடுத்தி எழுதும் பயிற்சி ஒன்றே வேண்டுவது. இப்போட்டியின் உண்மைப் பயன் இதுவே என்பது எம் துணிபு.

இனி, நம் பகுதியில் எழுதுதற்குரிய பொருள் யாவை எனக் காண்போம். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டிற் பிரிந்தது. அரியலூர் 2001ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகி, 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007ஆம் ஆண்டில் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமாயிற்று. பெரம்பலூர்ப் பக்கம் பெரிதும் மானாவாரி நிலம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை அதன் விளைபொருள்கள்.

சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு விலை ஏறுகின்றது. மறு பட்டத்தில் உழவர் பலரும் வெங்காயமே நடுகின்றனர். அறுவடைக் காலத்தில் எல்லார் சரக்கும் ஒருங்கே சந்தைக்கு வர, விலை வீழ்கின்றது. நட்டமடைந்தோர் அடுத்த பட்டத்தில் நடவைக் குறைக்க, விலை மீண்டும் ஏறுகின்றது. இவ்வாறு விலையும் விளைவும் ஒன்றையொன்று துரத்திச் சுழல்வதைப் படமாக வரையின் அது சிலந்தி வலை போல் தோன்றும். நிக்கலஸ் கால்டர் என்னும் அறிஞர் 1934ஆம் ஆண்டில் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் எனப் பெயரிட்டார். விலை இருமடங்கு வீழ்ந்ததென்று எவரும் சாம்பாரில் வெங்காயத்தை இருமடங்கு இடுவதில்லை. ஆதலின் வீழ்ச்சி மிகக் கடிதாகின்றது. பட்டறை போட்டுச் சேமிக்க வல்லவன் சிலகாலம் பொறுத்திருப்பான். விதை வெங்காயத்திற்குக் கடன்பட்டவன் வந்த விலைக்கு விற்பான். தன் தெருவில் பொறுத்தவர் எத்துணையர், விற்றவர் எத்துணையர் என ஒரு மாணாக்கன் கணக்கெடுப்பானாயின், அதுவே பரிசுக்குரிய கட்டுரையாகும்.

மக்காச்சோளமும் அத்தகையதே. அதன் பெரும்பகுதி மனிதர் உணவாகாமல் கோழித் தீவனமாகின்றது. ஆகவே, பெரம்பலூர் உழவனது வருவாய் நாமக்கல் கோழிப்பண்ணைகளின் நிலையைப் பொறுத்தது. ஒரு பொருளின் தேவை மற்றொன்றின் தேவையிலிருந்து பிறத்தல் என்னும் கருத்துக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. 2018ஆம் ஆண்டில் படைப்புழு இப்பயிரைத் தாக்கியபோது, ஒரே பயிரை நம்பியிருத்தலின் இடரையும் இவ்வட்டாரத்தார் கண்டனர்.

அரியலூரின் செய்தி வேறு. ஊழிகட்கு முன்னர்க் கடல் கொண்டிருந்த அந்நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் மிகுதி. அருகிலுள்ள டால்மியாபுரத்தில் 1939ஆம் ஆண்டிலும், அரியலூரில் அரசினர் சார்பில் 1979ஆம் ஆண்டிலும் சிமெண்டு ஆலைகள் தோன்றின. பின்னர் வேறு பலவும் வந்தன. ஆலைகள் ஈண்டே குழுமுவானேன்? கிளிங்கர் என்னும் சூளைக்கட்டி ஒரு டன் ஆக்குதற்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். எஞ்சியது சூளையிற் கரிவாயுவாய் நீங்குகின்றது. வீணாகும் எடையை நெடுந்தொலைவு சுமத்தல் அறிவன்று. எனவே, எடையிழக்கும் மூலப்பொருளை நம்பிய தொழில் அப்பொருள் கிடைக்குமிடத்தை நாடும் என ஆல்பிரட் வெபர் 1909ஆம் ஆண்டில் விளக்கினார். ஆலையால் வேலையும் வாணிகமும் பெருகுகின்றன. லாரிப் புழுதியும், தோண்டிவிட்ட பள்ளமும், பழுதுற்ற சாலையும் சிமெண்டின் விலையிற் சேர்வதில்லை. அவற்றைத் தாங்குவோர் அருகில் வாழ்வோர். இத்தகைய புறவிளைவுகளை 1920ஆம் ஆண்டில் பிகு என்னும் பேராசிரியர் நலப் பொருளியல் பற்றிய தம் நூலில் ஆராய்ந்தார். சுரங்கத்தாற் பாதிக்கப்பட்ட ஊர்கட்கென 2015ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் மாவட்டக் கனிமநிதி ஏற்பட்டது. அந்நிதி தன் ஊரில் எதற்குச் செலவாயிற்று என்று வினவுதல் மாணாக்கர்க்கு உரிய ஆராய்ச்சியே. ஜெயங்கொண்டம் பக்கத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்கென 1990-களில் நிலங் கையகப்படுத்தத் தொடங்கியதையும், இழப்பீட்டு வழக்குகள் பல்லாண்டு நீண்டதையும் ஆராயின், நிலத்தின் விலை என்பது யாது என்னும் வினா எழும்.

எழுதும் முறைக்குச் சில விதிகள் கூறுவாம். முதலாவது, வினா சிறியதாயிருத்தல் வேண்டும். இந்திய வறுமையை ஆயிரஞ் சொல்லில் அடக்கல் இயலாது; ஒரு தெருவின் வெங்காயக் கணக்கை அடக்கலாம். இரண்டாவது, அளவையைத் தெளிவாய்க் குறித்தல் வேண்டும். காணி என்பது சென்னை அளவையில் 1.32 ஏக்கர், ஊருக்கு ஊர் அது வேறுபடும். மூன்றாவது, இருதிறத்தாரையும் கேட்டல் வேண்டும். உழவன் சொல்வதோடு தரகனும் லாரி வாடகையும் கழிவும் கணக்கிற் சேர்தல் வேண்டும். நான்காவது, கண்டதும் கருதியதும் வேறு வேறாய் நிற்றல் வேண்டும். பத்து வீடு கேட்டவன் மாவட்டமே இவ்வாறென எழுதலாகாது. ஐந்தாவது, ஒருவர் தம் கடனைக் கூறின், அவர் பெயரை வெளியிடாமை மாணாக்கனது கடமை.

நடுவராய் அமர்வோர்க்கும் ஒரு சொல். நடையின் அழகையும் மேற்கோள்களின் மிகுதியையும் நோக்கிப் பரிசளித்தால், நடையும் மேற்கோளுமே விளையும். எளிய தமிழில் எழுதிய பத்து வீட்டுக் கணக்குக்குப் பரிசளித்தால், மறு ஆண்டில் நூறு வீட்டுக் கணக்கு வரும். முற்பரிசு பெறாத கட்டுரைகளையும் தொகுத்து நூலகத்தில் வைத்தல் நலம். இருபது ஆண்டு கழித்து அதே தெருவுக்குச் செல்லும் மற்றொரு மாணாக்கனுக்கு அவை கைவிளக்காகும். நம் மாணாக்கர் தத்தம் ஊரைத் தாமே அளந்து எழுதுவாராக.