56 ஏ.பி.ஓ. எந்தூரு?

1965-ல் பாகிஸ்தானோடு யுத்தம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயசு. அதியமான்கோட்டையில் குண்டு விழவில்லை, சைரன் ஊதவில்லை. ஆனாலும் யுத்தம் வந்தது... பஞ்சாயத்து ரேடியோ வழியாக!

சாயந்திரமானால் ஊரே அந்த ஒலிபெருக்கிக்குக் கீழேதான். 'ஆகாசவாணி' என்றதும் பீடியை அணைத்துவிடுவார்கள். சேலத்தைத் தாண்டாத பெரியவர்கள்கூட லாகூர், சியால்கோட் என்று ஏதோ பக்கத்துச் சந்தை மாதிரி பேசினார்கள். அசல் உத்தரில் அப்துல் ஹமீது பேட்டன் டாங்குகளை நொறுக்கிய சேதி வந்ததும், எங்கள் தெரு எருமைகளுக்கெல்லாம் 'பேட்டன்' என்று பேர் வைத்துவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஔவையார் கதை சொன்னார். எங்க ஊர் அதியமானுக்காகத் தூது போனவராச்சே! தொண்டைமான் தன் ஆயுதங்களை நெய் பூசிப் பளபளவென்று காட்ட, 'எங்க ராஜா வேலெல்லாம் நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குது' என்றாராம் ஔவை.

"அப்ப நம்ம டாங்கெல்லாம் எந்தப் பட்டறையில சார்?" என்று கேட்டான் ஒருவன். நல்லவேளை, வாத்தியார் சிரித்துவிட்டார்.

அமெரிக்க கோதுமைக்குக் கையேந்திய காலம். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடும்படி பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். "நாம திங்கறதே ராகிக் களி. இதையுமா டெல்லி கேக்குது?" என்றார் அப்பா. ஆனால் ஆயா விட்டாள். அவள் கணக்கு வேறே. சித்தப்பா ராணுவத்தில் டிரைவர்.

அவர் கார்டில் ஊர்ப் பேர் இருக்காது. வெறும் '56 ஏ.பி.ஓ.'தான். படை எங்கே இருக்கிறதென்று வெளியே தெரியக்கூடாதே!

"56 ஏ.பி.ஓ. எந்தூரு கண்ணு? பஸ் போவுதா?" என்பாள் ஆயா.

ஆகஸ்ட் கடைசிக்கு அப்புறம் கார்டே வரவில்லை. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள். ஆயா மட்டும் உள்ளே போய்விடுவாள். அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவுதானே! மணிச் சத்தம் தெருமுனை தாண்டின பிறகுதான் வெளியே வருவாள்.

செப்டம்பர் 23-ல் சண்டை நின்றது. அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லா ஆனது. ஊரெல்லாம் அதே பேச்சு. "ஜில்லா வரது இருக்கட்டும், சின்னவன் எப்ப வரான்?" என்றாள் ஆயா.

அந்த வாரமே கார்டு வந்தது. 'சௌக்கியம்' என்று அப்பா சத்தமாகப் படித்தார். ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டார். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் சிநேகிதர் எழுதுகிறார் என்ற வரி. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா கார்டை வாங்கி விரலால் தடவினாள்.

"சின்னவன் எழுத்து கோணலா இல்ல இருக்கும்? இது நேரா இருக்குதே!"

அப்பா வாயே திறக்கவில்லை.

1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்ட் ஒப்பந்தம். மறுநாள் சாஸ்திரி இறந்த சேதியை அதே ஒலிபெருக்கி சொன்னது. அந்தப் பொங்கலுக்குத்தான் சித்தப்பா லீவில் வந்தார். ஆயா முதலில் பார்த்தது முகத்தை அல்ல, வலது கையை. ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னாள். சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. "ஸ்டியரிங் பிடிக்க இது போதும்மா" என்றார் சித்தப்பா.

லீவு முடிந்து கிளம்பும்போது, ஒரு பை நிறைய ராகி மாவு கட்டிக் கொடுத்தாள்.